பக்கத்து வீட்டுப் பதில்

ஐம்பதுகளின் கடைசியில் நானும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் ஒரே வேலைக்கு விண்ணப்பம் போட்டோம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் பெண் ஆபரேட்டர்கள் எடுக்கிறார்கள் என்று பத்திரிகையில் வந்திருந்தது. இரண்டு பேரும் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு மட்டாஞ்சேரியில் வீட்டோடு இருந்தோம். எனக்கு வேலை கிடைத்தது. அவளுக்குக் கிடைக்கவில்லை. அதற்கான காரணம் அப்போது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். பிறகு அவளும் இல்லாமல் போனாள். அதை வைத்துக்கொண்டு நான் மட்டும் மிஞ்சினேன்.

எங்கள் அப்பா மிளகுக் கிடங்கு ஒன்றில் தரம் பார்க்கிறவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால் அறை முழுக்க மிளகு நெடி ஏறும். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் தும்மிக்கொண்டேதான் பேசுவார்கள். அவள் வீட்டார் மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரிக்காரர்கள், தமிழ் பேசும் முஸ்லிம்கள். அவளுடைய வாப்பா பஜார் தெருவில் கயிறும் பாயும் விற்கிற கடை வைத்திருந்தார். அவர்கள் தமிழில் பாதி மலையாளம் இருக்கும். அவளுக்குத் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். மலையாளமும் இங்கிலீஷும் தண்ணீர் பட்ட பாடு.

இரண்டு வீட்டுக் கொல்லையையும் ஒரு பாசி பிடித்த சுவர் பிரித்தது. எங்கள் துவைகல் இந்தப் பக்கம், அவர்களுடையது அந்தப் பக்கம். நாங்கள் படித்ததெல்லாம் அங்கேதான்.

டெலிபோனை அதுவரை நாங்கள் கையில் எடுத்ததுகூட இல்லை. இன்டர்வியூவில் குரல் பரீட்சை வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். பரீட்சைக்கு எப்படித் தயார் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவள்தான் வழி கண்டுபிடித்தாள்.

"முகம் பாத்துப் பேசினா பிரயோஜனம் இல்ல. உதட்டைப் பாத்தே பாதி புரிஞ்சுக்கறோம். நீ சுவருக்கு அந்தப் பக்கம் இரு, நான் இந்தப் பக்கம் இருக்கேன். குரல் மட்டும் வரட்டும், கேட்டியா."

ஆண்கள் வேலைக்குப் போயிருக்கும் மத்தியான நேரத்தில் இரண்டு மாதம் இப்படிப் படித்தோம். அவள் எண்களைச் சொல்வாள், நான் சிலேட்டில் எழுதுவேன். பிறகு நான் சொல்வேன், அவள் எழுதுவாள். இங்கிலீஷில் ஐந்தையும் ஒன்பதையும் நான் ஒன்றாகக் குழப்பிவிடுவேன். ஒரு நாளைக்கு நூறு தடவை அந்த இரண்டையும் சொல்ல வைத்தாள். பத்திரிகையை உரக்க வாசிப்போம். ஊர்ப் பெயர்களை மனப்பாடம் செய்தோம்: கோட்டயம், ஆலப்புழை, கோயம்புத்தூர், பாலக்காடு, திருச்சூர். நடுவில் திடீரென்று வாளியைத் தட்டிச் சத்தம் எழுப்புவாள். "லைன்ல இரைச்சல் வரும்போ என்ன செய்வே? சத்தம் போடாதே. மெதுவாச் சொல்லு, பிரிச்சுப் பிரிச்சுச் சொல்லு" என்பாள்.

என் குரல் அப்போது மெல்லியதாக இருக்கும், வாக்கியத்தின் கடைசியில் உயர்ந்து உடைந்துவிடும்.

"உன் குரல் ஓடிப்போகுது. பிடிச்சு நிறுத்து. சிரிச்சிட்டே சொல்லிப் பாரு, தன்னால கீழே இறங்கும்."

அவள் சொன்னபடி இறங்கியது. ஒரு நாள் நான் இந்தப் பக்கத்திலிருந்து ஏதோ வாசித்துக்கொண்டிருந்தபோது, அடுக்களையிலிருந்து அவளுடைய உம்மா, "படிச்சது மதி, போதும் மோளே, உள்ளே வா. சாயா ஆறுது" என்று, என் குரலை மகளுடையது என்று நினைத்துக் கூப்பிட்டார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது சுவர் வழியே எனக்குக் கேட்டது. குரலை எனக்குக் கற்றுக் கொடுத்தது அவள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தோம். இந்த வேலைக்கு ஏன் வர விரும்புகிறாய் என்பது முதல் பக்கத்திலேயே இருந்தது. நாட்டுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன் என்று இங்கிலீஷில் நான்கு வரி தயார் செய்து, மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

"அங்கே வர்ற எல்லாரும் இதைத்தான் சொல்லப்போறாங்க" என்றாள். "உள்ளதைச் சொல்லேன்."

"உள்ளது என்ன இருக்கு? நீ என்ன சொல்லப்போறே?"

அந்தப் பக்கம் சிலேட்டைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்.

அவளுக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது நடந்தது. அவளுடைய கொச்சாப்பா, அதாவது வாப்பாவின் தம்பி, ஒரு சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தார். கடலில் புயல் அடித்து அந்தக் கப்பலைப் பற்றித் தகவல் இல்லாமல் போயிற்று. பம்பாயிலிருந்து டிரங்க் கால் வரும் என்று தந்தி வந்தது. பக்கத்துக் கிடங்கில் மட்டும்தான் டெலிபோன். வாப்பா இவளைக் கையில் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து அங்கே நின்றார். சாயங்காலம் கால் வந்தது. வாப்பாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை, வெறும் இரைச்சல். "தம்பி, தம்பி" என்று கத்தினார், கிடங்கில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். அப்போது நடுவில் இருந்த ஆபரேட்டர் பெண், "கத்தாதீங்க. எனக்குக் கேக்குது, நான் சொல்றேன்" என்று அந்தப் பக்கம் சொன்னதையெல்லாம் ஒவ்வொரு வாக்கியமாக வாப்பாவிடம் திருப்பிச் சொன்னாள். உங்கள் தம்பி கரையேறிவிட்டார். கையில்தான் அடி. நன்றாகச் சாப்பிடுகிறார். உம்மாவிடம் சொல்லச் சொல்கிறார்.

"வாப்பா அன்னைக்குத் தம்பி குரலைக் கேக்கவே இல்ல. அந்தப் பெண் குரலைத்தான் கேட்டார். அவ பேரு தெரியாது, முகம் தெரியாது. ஆனா இப்பவும் தொழுகை முடிஞ்சு அவளுக்கும் சேர்த்து துஆ கேக்கறார். எனக்கு அந்தப் பெண் மாதிரி ஆகணும். இதைச் சொல்லப்போறேன்."

என் நான்கு வரி சேவை எனக்கே கூச்சமாக இருந்தது.

அவள் வீட்டில் வேலைக்கு எளிதில் சம்மதம் கிடைக்கவில்லை. சொந்தக்காரர்கள் எதிர்த்தார்கள். அவளுடைய வாப்பா கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். "ஒரு தடவை போய் வா. கிடைச்சா போ, யார் என்ன சொன்னாலும் நான் பாத்துக்கறேன். கிடைக்கலேன்னா பாலக்காட்டுச் சம்பந்தத்துக்கு மறு பேச்சு பேசக் கூடாது." அவள் ஒப்புக்கொண்டாள். அவளுக்குக் கிடைக்கும் என்பதில் அவளுக்கும் சந்தேகம் இல்லை, எனக்கும் இல்லை.

இன்டர்வியூக் கடிதம் இரண்டு பேருக்கும் ஒரே தபாலில் வந்தது. எனக்குப் புதன்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு மறுநாள்.

புதன்கிழமை காலை அப்பாவும் நானும் மட்டாஞ்சேரி ஜெட்டியிலிருந்து படகில் எறணாகுளத்துக்குப் போனோம். இன்டர்வியூ போர்டு முன்னால் போகும்போது கையில் நல்லதாக ஒன்று இருக்கட்டும் என்று அவள் தன்னுடைய கைக்குட்டையைக் கொடுத்திருந்தாள். காத்திருக்கும் அறையில் பெண்கள் உதட்டை அசைத்து எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். நிறையப் பேர் என்னைவிட நன்றாக உடுத்தியிருந்தார்கள்.

குரல் பரீட்சை சுலபமாக முடிந்தது. ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் வைக்க ஒரு கருவியைக் கொடுத்தார்கள். மறு அறையிலிருந்து ஒருவர் எண்களைச் சொன்னார். இரைச்சலோடுதான் வந்தது. ஐந்தும் ஒன்பதும் பளிச்சென்று பிரிந்து கேட்டன. ஒன்றுகூடத் தவறவில்லை.

பிறகு போர்டு. மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் ஒரு பெரிய அதிகாரி, ஒரு பக்கம் மதராஸ்காரர் ஒருவர், மறு பக்கம் சூப்பர்வைசர் அம்மா ஒருவர், காதருகே நரைத்திருந்தது. மதராஸ்காரர்தான் கேட்டார்.

"ஏம்மா இந்த வேலைக்கு வர்றே? இங்கிலீஷ் வேண்டாம், தமிழ்லயே சொல்லு."

நான் இங்கிலீஷில் மனப்பாடம் செய்திருந்தேன். தமிழில் என்றதும் ஒரு வார்த்தை இல்லை. மேஜை மேல் ஒரு கண்ணாடிக் குண்டு, காகிதங்களின் மேல் பாரம் வைப்பதற்கு. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. சூப்பர்வைசர் அம்மா அடுத்த தாளை எடுக்கக் கையை நீட்டினார்.

நான் பேச ஆரம்பித்தேன். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது, என்று.

பதற்றத்தில் என்னை அறியாமல் வந்துவிட்டது என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. வாப்பா என்று வாய்க்குள் வந்ததை அப்பா என்று மாற்றினேன். கொச்சாப்பாவைச் சித்தப்பா ஆக்கினேன். கயிற்றுக் கடையை மிளகுக் கிடங்கு ஆக்கினேன். துஆவை விட்டுவிட்டு, சாமி கும்பிடும்போது என்று சொன்னேன். அத்தனையையும் யோசித்து மாற்றுகிற அளவுக்குப் புத்தி தெளிவாக இருந்தது. குரல் இறங்கி, நிதானமாக, அவளுடையது மாதிரியே வந்தது. நான் முடித்தபோது சூப்பர்வைசர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லது. போய் வாம்மா" என்றார் பெரிய அதிகாரி.

வெளியே வந்ததும் அப்பா, "எப்படி?" என்று கேட்டார். நன்றாக இருந்தது என்றேன். திரும்பும் படகில் அவள் கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் ஆட்டம் என்று அப்பா நினைத்தார்.

அவள் சுவருக்கு அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருந்தாள். வந்ததும் வராததுமாகக் கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சின்ன அறை எப்படி, காதில் எப்படி மாட்டுகிறார்கள், எத்தனை எண்கள், எந்த ஊர்கள் பெயரைச் சொல்லச் சொன்னார்கள், போர்டில் யார் யார் என்று. அவளுக்கு உதவியாக ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அந்தக் கேள்வி?" என்றாள். "ஏன் வர்றேன்னு?"

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு முழுதாக ஒரு நாள் இருந்தது. கோபப்பட்டிருப்பாள், அழுதிருப்பாள், பிறகு வேறொரு பதிலை எழுதியிருப்பாள். என்னைவிடப் பத்து மடங்கு நன்றாக எழுதக்கூடியவள். நாங்கள் முகம் பார்த்து நின்றிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. நடுவில் சுவர் இருந்தது.

"இல்ல, அதைக் கேக்கல" என்றேன். குரல் கொஞ்சம்கூட ஆடவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவள் சுவர்ப் பக்கம் வரவில்லை. வாசல் வழியாக எங்கள் வீட்டுக்கே வந்தாள். முக்காடாகப் போட்ட தட்டத்தைத் தலையிலிருந்து எடுக்காமல் அம்மாவிடம் நலம் விசாரித்தாள். பிறகு என்னுடன் கொல்லைக்கு வந்தாள்.

"கேட்டாங்க" என்றாள்.

நான் துவைகல்லைப் பார்த்தேன்.

"சொல்லிட்டே கொச்சாப்பாவோட கப்பல் வர்ற இடத்துக்கு வந்தேன். அந்த அம்மா பேனாவைக் கீழே வெச்சுட்டாங்க. மதராஸ்காரர் சிரிச்சார். 'இந்த ஊர்ல எல்லார் சித்தப்பாவும் கப்பல்லதான் வேலையா?'ன்னு கேட்டார். எனக்கு ஒண்ணும் மனசிலாகல. பிறகு அந்த அம்மா சொன்னாங்க, அடுத்தவங்க சொன்னதைப் படிச்சிட்டு வந்து சொல்லாதே மோளே, உன்னோடதா ஏதாவது இருந்தா சொல்லுன்னு."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல. என்னோடது அது ஒண்ணுதானே இருந்துச்சு."

அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வாயைத் திறந்து ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். அந்த இரண்டு மாதத்தில் பேசுவதைத் தவிர வேறெதையும் நாங்கள் படிக்கவில்லை. எனக்குப் பேச்சு வரவில்லை.

"சாரமில்ல, போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆறு வாரம் கழித்து எனக்கு உத்தரவு வந்தது. அவளுக்கு ஒன்றும் வரவில்லை. அடுத்த மாதம் அவளைப் பாலக்காட்டில் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் போனோம். அவள் என் கையைப் பிடித்து, "எப்படி, வேலை பிடிச்சிருக்கா?" என்று மட்டும் கேட்டாள். உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரிதான் இருந்தது.

வேலையில் முதல் நாளே சூப்பர்வைசர் அம்மா மற்ற பெண்களிடம், "நான் சொன்னேனே, கப்பல் சித்தப்பா, அந்தப் பொண்ணு" என்று என்னை அறிமுகம் செய்தார். அன்றிலிருந்து எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார். அவர் எப்படி இருக்கிறார், கை சரியாகிவிட்டதா, மறுபடி கப்பலுக்குப் போனாரா என்று கேட்பார்கள். நான் பதில் சொல்வேன். அவருக்குக் கல்யாணம் செய்துவைத்தேன். பிறகு தூத்துக்குடிக்கு அனுப்பிவைத்தேன். ஒரு நாள் நான் மறந்துபோன சோற்றுப் பாத்திரத்தை அப்பா கொண்டு வந்து கொடுத்தபோது அந்த அம்மா அவரிடம் தம்பியைப் பற்றி விசாரித்தார். நான் குறுக்கே புகுந்து பேச்சை மாற்றினேன். "எனக்கு ஏது தம்பி?" என்று அப்பா படியிறங்கும்போது கேட்டார். வேறு யாரையோ நினைத்துக்கொண்டார்கள் என்றேன்.

நல்ல ஆபரேட்டர் என்று பெயர் வாங்கினேன். சிரித்துக்கொண்டே பேசுவது, பிரித்துப் பிரித்துச் சொல்வது, இரைச்சலில் கத்தாமல் இருப்பது என்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். ஆனால் தலையில் மாட்டிக்கொண்ட அந்தக் கருவியில் என் குரல் லேசாக எனக்கே திரும்பிக் கேட்கும். அது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற குரல்.

மூன்றாவது வருடம், மழைக்காலம். பகல் பதினொரு மணி இருக்கும். பாலக்காட்டிலிருந்து மட்டாஞ்சேரிக்கு அர்ஜென்ட் கால் என்று அங்கிருந்த ஆபரேட்டர் நம்பர் கொடுத்தாள். அதற்குள் கயிற்றுக் கடையிலும் டெலிபோன் வைத்துவிட்டிருந்தார்கள். எனக்கு அந்த நம்பர் தெரியும். இணைத்தேன். மழையில் லைன் கரகரவென்று இரைந்தது. கால் சேர்ந்துவிட்டதா என்று உறுதி செய்யும்வரை நாங்கள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல், அவளுடைய கணவனின் அண்ணனாக இருக்க வேண்டும், சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் அவளுடைய வாப்பா, "என்ன? கேக்கல. ஆரு? என்ன?" என்று கத்தினார். எனக்கு இரண்டு பக்கமும் தெளிவாகக் கேட்டது. மஞ்சள் காமாலை. ஒரு வாரமாக ஆஸ்பத்திரியில். காலை சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு மௌத்தாகிவிட்டாள்.

"என்ன? என்ன?" வாப்பா கத்திக்கொண்டே இருந்தார்.

பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் தள்ளிவிடலாமா என்று நினைத்தேன். அவள் வேறு காலில் இருந்தாள். லைன் எந்த நேரமும் அறுந்துபோகலாம் போலிருந்தது.

"கத்தாதீங்க வாப்பா" என்றேன். "எனக்குக் கேக்குது. நான் சொல்றேன்."

சொன்னேன். உங்கள் மகள் இறந்துவிட்டாள். இன்று காலை. மஞ்சள் காமாலை. அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். உடனே புறப்பட்டு வரச் சொல்கிறார்கள். ஒவ்வொரு வாக்கியமாக, பிரித்துப் பிரித்து. குரல் உடையவில்லை. அப்படித்தான் பழக்கியிருந்தாள்.

வாப்பா கத்துவதை நிறுத்திவிட்டார். பிறகு அவர் ரொம்ப மெதுவாக, "மோளே, நீயா பேசறே?" என்று கேட்டார். என்னைக் கேட்டாரா, அவளைக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. லைன் அறுந்துவிட்டது.

மூன்றாம் நாள் அவர்கள் பாலக்காட்டிலிருந்து திரும்பியதும் நானும் அம்மாவும் போனோம். உள்ளறையில் பாயில் பெண்கள் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய உம்மா என்னைப் பார்த்ததும் அருகே இழுத்து உட்கார வைத்துக்கொண்டார். அழுது தீர்ந்து, வறண்டு போயிருந்தார்.

"மோளே, ஒண்ணு கேக்கணும். மௌத்தானவங்க மேல ஆருக்காவது குறை இருந்தா பொறுத்துத் தரணும். அதுதான் அவங்களுக்கு நாம செய்யறது. அந்த வேலைக்காக நீ எத்தனை நாள் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தே, வெயில்ல நின்னு. அங்கே போய் அவ வாயே திறக்கலையாம். பேடிச்சு, பயந்து நின்னுட்டாளாம். அவளே வந்து சொன்னா. உன்னோட உழைப்பெல்லாம் வீணாப் போச்சுன்னு எனக்கு எப்பவும் மனசுல இருக்கும். பொறுத்துக் கொடு மோளே."

என்னைக் காட்டிக் கொடுக்காமல் இருக்க அவள் வீட்டில் அப்படிச் சொல்லியிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சுற்றிலும் இருந்த பெண்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உம்மா என் இரண்டு கையையும் பிடித்திருந்தார்.

"பொறுத்துட்டேன் உம்மா" என்றேன்.

அதற்குப் பிறகு மழை நாட்களில் எனக்கு எக்ஸ்சேஞ்சில் இருக்கப் பயமாக இருந்தது. ஈரம் ஏறினால் கால் வராமலே ஸ்விட்ச்போர்டில் விளக்கு எரியும். எல்லா லைனிலும் நடப்பதுதான். பாலக்காட்டு லைனில் எரிந்தால் மட்டும் என் கை நின்றுவிடும். இணைத்து, நம்பர் சொல்லுங்கள் என்பேன். பதில் இருக்காது. யாரோ பேச வாயெடுத்து நிறுத்தியது போல ஒரு இரைச்சல் மட்டும் இருக்கும். மற்றப் பெண்கள் உடனே துண்டித்துவிடுவார்கள். நான் காத்திருப்பேன். சில சமயம் மூன்று நிமிடம்கூட. சூப்பர்வைசர் அம்மா ஒரு தடவை பின்னால் வந்து நின்று, "யார் அது?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

சோறு இறங்கவில்லை. அம்மா மந்திரித்துக் கட்டிய கயிறு ஒன்றைக் கையில் போட்டுவிட்டாள். ஒரு வருடம் இப்படிப் போன பிறகு, ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கயிற்றுக் கடைக்குப் போனேன். மத்தியானம். கடையில் அவர் மட்டும் இருந்தார். பாய்களைச் சுருட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் தள்ளிப் போட்டார்.

நான் உட்காராமலே சொன்னேன். இன்டர்வியூவில் என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன், எதை எதை மாற்றினேன், வந்து அவளிடம் என்ன பொய் சொன்னேன், மறுநாள் அவளுக்கு என்ன நடந்தது, எல்லாவற்றையும். அவர் கையில் இருந்த பாயைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"முழுக்கச் சொன்னியா?" என்றார். "அந்தப் பெண் எனக்குத் திருப்பிச் சொன்னது வரைக்கும்?"

"சொன்னேன்."

"அவ எதுவரைக்கும் சொன்னா?"

"கப்பல் வரைக்கும். பிறகு நிறுத்திட்டாங்க."

"அப்போ வாய் திறந்திருக்கா."

"திறந்தா வாப்பா. நல்லா ஆரம்பிச்சிருக்கா. அவ பேடிக்கல."

அவர் பாயை மெதுவாகச் சுவரில் சாய்த்தார். அது சரிந்து விழுந்தது. மறுபடி சாய்த்தார்.

"நான் அவளை ஊமைன்னு சொன்னேன்" என்றார். "வீட்ல அத்தனை வாய் பேசறே, அங்கே போய் ஊமையா நின்னியேன்னு. நிக்காஹ் நாள் வரைக்கும் சொல்லிட்டிருந்தேன். சிரிச்சிட்டு இருப்பா."

நான் அழுதேன். அவர் அழவில்லை. பொறுத்துவிட்டேன் என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன் என்பது அங்கே நின்றபோது எனக்கே புரிந்தது. அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"வீட்டுக்குப் போ மோளே" என்றார் கடைசியில். "உம்மாகிட்ட இதைச் சொல்ல வேண்டாம்."

சித்தப்பாவைப் பற்றிச் சூப்பர்வைசர் அம்மாவிடமும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். அதற்குத் துணிவு வரவில்லை. அவர் ஓய்வு பெற்றுப் போன நாளில்கூட, "சித்தப்பாவைக் கேட்டதாகச் சொல்லு" என்றுதான் விடைபெற்றார்.

கயிற்றுக் கடையிலிருந்து வாரத்தில் இரண்டு மூன்று கால்கள் என் ஸ்விட்ச்போர்டுக்கு வரும். முன்பெல்லாம் என் குரலைக் கேட்டால், "மோளா? சுகமா? அப்பா எப்படி?" என்று விசாரித்துவிட்டுத்தான் நம்பர் கொடுப்பார். அன்றைக்குப் பிறகு நம்பரை மட்டும் சொன்னார். கோபம் தெரியாது, மரியாதைக் குறைவும் இருக்காது. எண்களை நிதானமாகச் சொல்வார். நான் திருப்பிச் சொல்வேன். சரி என்பார். இணைப்பேன். எனக்குக் கல்யாணமாகி, குழந்தை பிறந்து, மறுபடி வேலைக்குத் திரும்பிய பிறகும் அப்படித்தான்.

அறுபதுகளின் பிற்பகுதியில் ஆட்டோமாட்டிக் வந்தது. உள்ளூர்க் கால்களுக்கு ஆபரேட்டர் தேவைப்படவில்லை. அந்த வாரம் பஜார் தெரு வழியாக நடந்துகொண்டிருந்தேன். அவர் கடையில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிக்கொண்டு, புது டெலிபோனில் ஒவ்வொரு துளையாக விரலை விட்டுச் சுழற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு எண்ணையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டார். நான் தெருவின் மறு ஓரத்துக்குப் போய், மூட்டை இறக்கிக்கொண்டிருந்த வண்டிக்கு அந்தப் பக்கமாக நடந்து போனேன்.